இருநூறு ரிக்கார்டும் ஒரு 'டொக்'கும்

ரிக்கார்டு கடையில் நிற்பவனுக்குக் காதுக்குப் பாதி வேலை, காலுக்குப் பாதி வேலை. வாய்க்கு அதிகம் வேலை இல்லை என்பதால்தான் என்னைப் போன்ற கூச்சக்காரன் மாட்டுங்காவில் பதினெட்டு வருடம் தாக்குப்பிடித்தேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று முழங்கால் தேய்ந்தவர்கள் இதைப் படித்தால் மேலே சொல்ல வேண்டியதில்லை. "அந்தப் பாட்டு இருக்கா? வார்த்தை மறந்துபோச்சு, ராகமும் வரலை, ஆனா நல்லா இருக்கும்" என்று கேட்ட புண்ணியவான்கள் உங்கள் கடைக்கும் வந்திருப்பார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எண்ணத் தெரியும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஏழு வாரம் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு இருந்தவர்கள்

அறுபத்தொன்பதாம் வருடம், ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி. சயானில் ஒரு பள்ளிக்கூடத்து ஹால். வெளியே அடைமழை. அன்றைக்கு இருந்தவர்கள்: மேடையில் நாலு பேர். கிடார் ரமணி, அடித்தந்தி கிடார் கிச்சா, இருவரும் மாட்டுங்கா. மின்சார ஆர்கன் ஜோசப், செம்பூர். டிரம் சுடலைமுத்து, தாராவி. பேட்டரியில் ஓடும் டேப் ரிக்கார்டரோடு சினிமா ஒலிப்பதிவு உதவியாளர் ஒருவர். வாட்ச்மேன் ஒருவர். வாசலில் நான். நாற்காலிகளில் மாட்டுங்கா குடும்பங்கள் ஐம்பத்தெட்டுப் பேர், காலேஜ் பிள்ளைகள் நாற்பத்தாறு, சுடலைக்காக வந்த தாராவிக்காரர்கள் இருபத்திரண்டு, மாஹிம் சர்ச்சில் கோரஸ் பாடுகிறவர்கள் ஏழு, செம்பூரிலிருந்து ஒன்பது. கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் தனியாக ஒருவர். ஆக நூற்றைம்பது.

என் வேலை நனைந்த குடைகளை வாங்கிச் சாக்கட்டியால் நம்பர் போட்டு அடுக்குவது. தொண்ணூற்றாறு குடை வாங்கினேன். தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர் மட்டும் தரவில்லை. "என் குடையை நான் யார்கிட்டேயும் குடுக்கறதில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் ஆள் முகம் பார்த்துப் பேசுகிறவன் இல்லை. அதனால் அவர் முகம் நினைவில்லை. குடை நினைவிருக்கிறது: கறுப்புத் துணி, பிரம்புப் பிடி, பிடியில் அடையாளத்துக்கு மூன்று சுற்று சிவப்பு நூல்.

பையன்களின் கோஷ்டிக்கு 'ஸ்லோ லோக்கல்' என்று பெயர், எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகிற ரயிலின் பெயர். வெளிநாட்டு ராக் சங்கீதம் மாதிரி ஆரம்பித்து, நம் கச்சேரி மாதிரி நீட்டி, எங்கேயோ போய் எப்படியோ திரும்பி வருவார்கள். கடைசிப் பாட்டு பத்தொன்பது நிமிடம். தாளம் மூன்றும் நாலும் ஏழு. பதினொன்றாவது நிமிடத்தில் ஃபியூஸ் போய்விட்டது. மழைக்காக ஜன்னலெல்லாம் சாத்தியிருந்ததால் ஹால் ஒரே இருட்டு. கிடார் ஊமை, ஆர்கன் ஊமை. திகைத்துப் போய் சுடலையின் கையும் நின்றுவிட்டது. அப்போது பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். ஏழு எண்ணினால் மறுபடி டொக். ஆறு சுற்று அது தனியாகப் போனது. ஏழாவதில் சுடலை பிடித்துக்கொண்டான். பத்தாவதில் மாட்டுங்காக்காரர்கள் தொடையில் தாளம் போடுவதை விட்டுக் கையைத் தட்ட ஆரம்பித்தார்கள். கச்சேரிக்குப் போய்ப் போய்ப் பழகிய கைகள். தாளம் அறுந்தால் அவர்களுக்குப் பொறுக்காது. அவர்களைப் பார்த்து தாராவி தட்டியது, மாஹிம் தட்டியது. ஐம்பத்திரண்டு சுற்று அப்படி ஓடியது, நான் எண்ணினேன். விளக்கு எரிந்ததும் ரமணி அவசரப்படவில்லை. மூன்று சுற்று காத்திருந்து, நாலாவதன் தலையில் கிடாரும் ஆர்கனும் ஒன்றாக வந்து விழுந்தபோது எழுந்த சத்தத்தில் என் குடை அடுக்கு சரிந்தது. ஃபியூஸ் போட்டுவிட்டு வந்த வாட்ச்மேன், வடக்கத்திக்காரர், என்னிடம் கேட்டார்: "லைட் போயிடுச்சு, பப்ளிக் போகலையே! நீங்க மதராசிங்க இருட்டுலகூட கணக்கு-ஹிசாப் போடுவீங்களா?"

அப்பா எழுதிய சீட்டு

பேட்டரி ரிக்கார்டர் ஃபியூஸைப் பற்றிக் கவலைப்படவில்லை. எல்லாமே டேப்பில் விழுந்திருந்தது. ஆகஸ்ட் கடைசியில் ரமணி ஒரு டாக்சியில் இருநூறு எல்.பி. ரிக்கார்டு கொண்டுவந்து எங்கள் கடையில் இறக்கினான். பழுப்பு அட்டை உறை, படம் கிடையாது, ரப்பர் ஸ்டாம்பில் அடித்த பெயர். இரண்டாவது பக்கம் முழுவதும் அந்தப் பத்தொன்பது நிமிடம்.

கூடவே ஒரு சீட்டும் கொண்டுவந்தான். அவன் அப்பா எழுதிக் கொடுத்தது. அச்சுப் போல எழுத்து. 'இருநூறும் விற்றுத் தீர வேண்டும். ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் விற்கக் கூடாது. இலவசம் கூடாது. கெடு: சரஸ்வதி பூஜை, பகல் பன்னிரண்டு மணி. ஒன்று மீந்தாலும் விஜயதசமியன்று என் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர வேண்டும். தீர்ந்தால் உன் வழியில் உன் பாட்டு.' ரமணி பி.காம். முடித்தவன். அவன் கையைப் பார்த்தேன். விரல் நுனிகளில் தந்தி வெட்டிய காய்ப்பு. "உங்கப்பா பாட்டைக் கேட்டாரா?" என்றேன். "ஹாலுக்கே வரமாட்டேன்னுட்டார், சுப்பையா அண்ணா. ஆபீஸ் வேலை இருக்காம், ஞாயித்துக்கிழமை" என்றான்.

நான் சீட்டை இன்னொரு முறை படித்துவிட்டு, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னேன். கடையில் சேர்ந்து அதுவரை பதினாலு வருடத்தில் நான் யாருக்கும் அப்படி வாக்குக் கொடுத்ததில்லை. எங்கள் முதலாளி சேட் கட்ச் குடும்பத்துக்காரர், மாட்டுங்காவிலேயே பிறந்து தமிழ் பேசுகிறவர். உறையின் பின்பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பத்தொன்பது மினிட் ஒரே பாட்டா? கஸ்டமர் நடுவுல வீட்டுக்குப் போய் சாப்பிட்டு வரலாமே!"

முதல் நிமிடம்

எங்கள் கடையில் ஒரு கண்ணாடி அறை உண்டு. வாங்குவதற்கு முன் ரிக்கார்டைக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு சேட்டின் சட்டம்: ஆரம்பத்திலிருந்து ஒரு நிமிடம், அதற்கு மேல் ஊசி ஓடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ரிக்கார்டு தேய்கிறது அல்லவா? மூன்று நிமிட சினிமாப் பாட்டுக்கு ஒரு நிமிடம் தாராளம். பத்தொன்பது நிமிடப் பாட்டில் முதல் நிமிடத்தில் என்ன இருக்கும்? ஆர்கன் 'ம்ம்ம்' என்று சுருதி பிடிக்கும், கிச்சா ஒரு தந்தியைத் திருகுவான், யாரோ இருமுவார்கள், ஒரு நாற்காலி கிறீச்சிடும். அதோடு நான் ஊசியைத் தூக்கிவிடுவேன்.

இருநூறில் ஒன்றைச் சாம்பிளாகப் பிரித்தேன். மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பது. முதல் மூன்று வாரத்தில் முப்பத்தொன்று போயின. பையன்களின் சிநேகிதர்கள், சொந்தக்காரர்கள். மற்றவர்கள் அறைக்குள் போய் நாற்காலி கிறீச்சைக் கேட்டுவிட்டு வேறு ரிக்கார்டு வாங்கிப் போனார்கள். தினமும் பகல் சாப்பாட்டு நேரத்தில் ரமணி எதிரே இருந்த உடுப்பி ஹோட்டலில் உட்கார்ந்து எங்கள் கடையைப் பார்ப்பான். நான் விரலால் எண்ணிக்கை காட்டுவேன். பல நாள் விரலே தூக்க வேண்டியிருக்கவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு வாடிக்கையாளர் உறையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு அறையிலிருந்து வெளியே வந்தார். "பேர் பொருத்தம்தான். ஒரு நிமிஷம் ஆச்சு, வண்டி இன்னும் ஸ்டேஷனை விட்டே கிளம்பலை!"

மரங்கொத்தி

விற்ற முப்பத்தொன்றில் ஒன்பது திரும்பி வந்தன. ரிக்கார்டில் கோளாறு என்றார்கள். முதலில் கொண்டுவந்தது தெலாங் ரோட்டிலிருந்து ஒரு மாமி. ஒன்பது கஜத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரிக்கார்டைப் பழைய புடவையில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருவது போலக் கொண்டுவந்தார். "பாதியிலே பாட்டு நின்னுபோறது, சுப்பையா. அப்புறம் டொக், டொக்குன்னு கொத்தறது. கீறல் விழுந்த ரிக்கார்டைக் கொடுத்திருக்கேள்" என்றார்.

கீறல் இல்லை, ஃபியூஸ் போன இடம் என்று சொல்ல வாய் எடுத்தேன். பின்னால் நாலு பேர் நின்றார்கள். பேசாமல் ரிக்கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை கிடையாது. அடுத்து வந்த எட்டையும் அப்படியே பார்த்தேன். ஒன்பதும் புதுக் கருக்கு மாறாமல் அலமாரிக்குத் திரும்பின. ஆக அலமாரியில் நூற்று எழுபத்தேழு, கெடுவுக்கு நாலே வாரம். மாமி போகும்போது கடைக்குள் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்: "சங்கீதம் கேட்கத்தான் வாங்கினேன், ஆத்துக்குள்ளே மரங்கொத்தி வளர்க்க வாங்கலை!"

லண்டன் வாத்தியம்

திருப்பாமல் வைத்துக்கொண்டவர்களிலும் ஒற்றுமை கிடையாது. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துக் காலேஜ் பிள்ளைகள் மூன்று பேர் சனிக்கிழமை தோறும் வந்து கவுண்டரில் சாய்ந்துகொண்டு அந்த டொக்கைப் பற்றியே வாதாடுவார்கள். தலைமுடி காதை மூடியிருக்கும். ஒருவன் அது மரக்கட்டை வாத்தியம் என்பான். ஒருவன் ஸ்டூடியோவில் பிறகு சேர்த்தது என்பான். மூன்றாவது பிள்ளைக்குத்தான் எல்லாம் தெரியும். வெளிநாட்டுப் பத்திரிகை படிக்கிறவன். கரண்ட் போனது நிஜம் இல்லையாம், அதுவே பாட்டின் ஒரு பாகமாம், அமைதிக்கும் ஒரு அர்த்தம் உண்டாம்.

"நீங்கள் அன்றைக்கு ஹாலில் இருந்தீர்களா?" என்று கேட்டேன். நான் ஒரு வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்டது எனக்கே ஆச்சரியம். மூன்று பேரும் இல்லை என்றார்கள். "நான் இருந்தேன். ஃபியூஸ்தான் போனது. டொக் கடைசி வரிசையிலிருந்து வந்தது" என்றேன். மூன்றாவது பிள்ளை என் மீது இரக்கப்பட்டுத் தோளில் தட்டினான். "அண்ணா, நீங்க ரிக்கார்டு விக்கறவர், உங்களுக்கு எப்படித் தெரியும்? அது லண்டன்ல மட்டும் கிடைக்கிற வாத்தியம்!"

டிரம் பட்டறைத் தீர்ப்பு

நான் குடியிருந்தது தாராவியில். சுடலைமுத்து வேலை பார்த்த டிரம் பட்டறை என் வீட்டுக்கு நாலு கதவு தள்ளி. நெளிந்த எண்ணெய் டிரம்களைத் தட்டி நிமிர்த்துகிற இடம். சுடலை கச்சேரி டிரம் பழகியதே அந்தத் தகரத்தில்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறை மேஸ்திரி சேர்மக்கனி பதினெட்டுப் பேரோடு கடைக்கு வந்தார். சட்டை எல்லாம் இஸ்திரி போட்டது. "அண்ணாச்சி, நம்ம பய அடிச்சதக் கேக்கணும்" என்றார். பத்தொன்பது பேர் கண்ணாடி அறைக்குள் எப்படி நிற்பது? கதவைத் திறந்து வைத்தேன். முதல் நிமிடத்தைப் போட்டேன். இருமல், கிறீச். பத்தொன்பது முகமும் என்னைப் பார்த்தன.

எதிரே ஹோட்டலில் ரமணி நின்றுகொண்டிருந்தான். நான் சட்டத்தை மீறினேன். ஊசியைத் தூக்கி, வெளி விளிம்பிலிருந்து இரண்டரை விரல் உள்ளே தள்ளி வைத்தேன். சரியாக கரண்ட் போகிற இடம். அமைதி. டொக். சேர்மக்கனி கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். டொக், டொக். சுடலை பிடிக்கிறான். கை தட்டல் எழும்புகிறது. பத்தொன்பது பேரும் கடைக்குள் தட்டினார்கள். நடைபாதையில் போனவர்கள் நின்றார்கள். நடுவில் ஒரு விசில் கேட்டது. "ஏல, அது என் விசிலுல்லா!" என்று ஒருவன் குதித்தான். கிடாரும் ஆர்கனும் வந்து விழுந்தபோது கடை வாசலில் முப்பது பேர் நின்றார்கள். சேட் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "சுப்பையா, பதினாலு வருஷம் ஒரு மினிட் போட்டே. இன்னிக்கு உன் கடிகாரம் பந்த் ஆயிடுச்சா?" என்றார். என் காது சுட்டது. ஆனால் ஊசியை எடுக்கவில்லை. வாசலில் நின்ற முப்பது பேரைச் சேட்டும் பார்த்தார். கல்லாவுக்குத் திரும்பிப் போனார்.

சேர்மக்கனி பத்தொன்பது பேருக்கும் சேர்த்துத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். சீட்டில் ஒருவருக்கு ஒன்று என்றுதான் இருக்கிறது என்று மறுத்துவிட்டேன். சுடலைக்காகச் சொல்லியும் கேட்கவில்லை. எழுதினது எழுதினதுதான். பட்டறைக்கு ஒன்று, டீக்கடைக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று, சுடலையின் மச்சானுக்கு ஒன்று, நாலு பேர் நாலு வாங்கினார்கள். அந்தக் காலேஜ் பிள்ளைகளும் கூட்டத்தில் நின்றிருந்தார்கள். மூன்றாவது பிள்ளை 'லண்டன்' என்று ஆரம்பித்தபோது சேர்மக்கனி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இருபது வருசமா இரும்பத் தட்டுதேன். இது மடக்கு நாற்காலி காலுல பெரம்பு படுத சத்தம். லண்டனாம்லா லண்டன்!"

என் கை

அன்றிலிருந்து நான் இரண்டரை விரல் கணக்கிலேயே போட்டேன். சேதி காட்டுத்தீ மாதிரி பரவியது என்று எழுத மாட்டேன். மாட்டுங்காவில் சேதி காய்கறி மார்க்கெட் வழியாகத்தான் பரவும். ஹாலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாட்டைக் கேட்க வந்தவர்களைவிடத் தங்கள் கையைக் கேட்க வந்தவர்களே அதிகம். ஒரு பாங்கு குமாஸ்தா கண்ணாடி அறையில் காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு, "இதோ, ரெண்டாவதா, கொஞ்சம் கனமா விழறதே, அது நான்" என்றார். அவர் மனைவி, "நீங்க தட்டினா அவ்வளவு சுத்தமா விழாது, அது பக்கத்து சீட்டுக்காரர்" என்றார். இரண்டு பேரும் தனித்தனியாக ஒவ்வொன்று வாங்கினார்கள்.

மாஹிம் கோரஸ்காரர்கள் வந்தார்கள். செம்பூர்க்காரர்கள் வந்தார்கள். ஹாலுக்கு வராதவர்கள், வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நூற்று நாற்பத்து மூன்று நாற்காலிக்கு இருநூறு பேர் உரிமை கொண்டாடினார்கள். நான் யாரையும் மறுக்கவில்லை. அலமாரி காலியாகிற சந்தோஷம் எனக்கு. இரண்டு வாரத்தில் நூற்று முப்பத்தாறு போயின. மீதி முப்பத்தேழு. ரமணிக்கு விரல் போதாமல் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஒரு வயதான மிருதங்க வாத்தியார் ஐம்பத்திரண்டு சுற்றையும் நின்றே கேட்டார். ராக்காவது கீக்காவது என்று சிரித்துக்கொண்டே அறைக்குள் போனவர் அவர். வெளியே வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "நாப்பது வருஷமா மேடையில வாசிக்கறேன். சபை இப்படி ஒருநாளும் எனக்குத் தாளம் போட்டதில்லை, ஒண்ணு கொடும்."

மூன்று டொக்

கைகள் விற்றுத் தீர்ந்ததும் டொக்கைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அது யார்? முதலில் ஒருவர் கைத்தடியோடு வந்து நான்தான் என்றார். இரண்டாவது ஆள் பொடி டப்பாவால் தட்டியதாகச் சொன்னார். மூன்றாவது ஒரு வக்கீல் குமாஸ்தா. செருப்புக் குதிகாலால் தட்டினாராம். சுடலைமுத்து அவர்களில் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் மூன்று பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். "கரண்டு போனதும் எனக்குக் கை வெறச்சுப்போச்சு அண்ணாச்சி. பின்னால இருந்து யாரோ பிடிச்சுக் குடுத்தாங்க. அவுக இல்லைன்னா இந்த ரிக்கார்டே இல்ல" என்று என்னிடம் சொல்லியிருந்தான்.

சாம்பிளை அதற்குள் இருநூற்றுப் பத்துத் தடவைக்கு மேல் போட்டிருந்தேன். எனக்கு ஒரு விஷயம் தெரியும். தனியாக வருகிற ஆறு டொக்கில் நாலாவது ஒரு இமைப் பொழுது முந்தி விழும். பாட்டுத் தெரிந்தவர்கள்கூட அதைக் கவனிக்கவில்லை; எண்ணுகிறவனுக்குத்தான் உறுத்தும். மூன்று பேரையும் கவுண்டரில் தட்டிக் காட்டச் சொன்னேன். மூன்று பேரும் கடிகாரம் மாதிரி ஆறையும் சரியாகத் தட்டினார்கள். "நீங்கள் இல்லை" என்று மூன்று பேரிடமும் சொன்னேன். கைத்தடிக்காரரும் வக்கீல் குமாஸ்தாவும் சண்டை போட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். பொடி டப்பாக்காரர் வாங்காமல் கிளம்பினார். "சரியாத் தட்டினதுக்காக ஒருத்தனைத் தப்புன்னு சொல்ற கடை லோகத்திலேயே இது ஒண்ணுதான்!"

சரஸ்வதி பூஜை

பூஜையன்று காலை கடை திறந்தபோது அலமாரியில் மூன்று. கவுண்டரில் சாம்பிள் ஒன்று. சேட் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டுக்கொண்டிருந்தார். ரமணி ஒன்பது மணிக்கே எதிர் ஹோட்டலில் உட்கார்ந்துவிட்டான். ஒன்பதரைக்கு மாஹிம் சர்ச் பாதிரியார் ஒன்று வாங்கினார். பத்தேகாலுக்குப் பொடி டப்பாக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வந்து ஒன்று வாங்கினார். அப்புறம் யாரும் வரவில்லை. பத்தரை. பதினொன்று. பண்டிகை நாளில் ரிக்கார்டு வாங்க யார் வருவார்கள்? பதினொன்றரைக்கு நான் மூன்றாவது தடவையாக அலமாரியைத் துடைத்தேன். ஹோட்டல் வாசலில் ரமணி நாலாவது காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

பதினொன்று நாற்பதுக்கு மரங்கொத்தி மாமி வேகமாக வந்தார். அவர் வீட்டுக்காரர் அன்று சஷ்டியப்த பூர்த்திக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஹாலுக்குப் போயிருந்தாராம். மார்க்கெட்டில் சேதி வந்து இப்போதுதான் அகப்பட்டுக்கொண்டாராம். முப்பத்தோராவது சுற்றில் ஒரு தும்மல் உண்டு என்பது எனக்குத் தெரியும். யாருடையது என்பதுதான் தெரியாது. மாமி கவுண்டரில் கையை ஊன்றினார். "என் மரங்கொத்தியைத் திருப்பித் தாங்கோ, சுப்பையா. அதுல இருக்கிற தும்மல் எங்காத்துக்காரரோடது!"

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்

அலமாரி காலி. மாமி படி இறங்குகிறபோதே ஒருவர் ஏறி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. "நான் ரமணியோட அப்பா. எத்தனை மீதி?" என்றார். நான் வழக்கம் போல அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கவுண்டரின் மேல் அவர் வைத்த குடையைப் பார்த்தேன். பிரம்புப் பிடி. மூன்று சுற்று சிவப்பு நூல்.

"விற்க ஒன்றும் இல்லை சார். சாம்பிள் ஒன்று இருக்கிறது" என்றேன்.

"இருநூறுன்னு எழுதிக் கொடுத்தேன். நூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னு எழுதலையே."

"ஆமாம் சார். கணக்குப்படி ஒன்று மீதி."

வேறு எவனாவது இருந்தால் அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருப்பான். எனக்கு எண்ணிக்கையில் பொய் வராது. அவர் சட்டைப் பையில் கையை விட்டார். "அப்போ அதை நானே எடுத்துக்கறேன்" என்றார். "தரமாட்டேன் சார். இருநூற்றுப் பதினேழு தடவை ஓடின ரிக்கார்டு. தேய்ந்த சரக்கை நான் விற்பதில்லை" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், எதிர் ஹோட்டலில் நின்ற ரமணியின் கழுத்தில் நானே கத்தியை வைத்துவிட்டேன் என்பது உறைத்தது. சேட் கற்பூரத் தட்டைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ரமணியின் அப்பா சாம்பிளைக் காட்டினார். "போடுங்கோ. எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பார்க்கலாம்" என்றார். இரண்டரை விரல் தள்ளி ஊசியை வைத்தேன். அமைதி. முதல் டொக். அவர் குடையைத் தலைகீழாகப் பிடித்துப் பிடியால் கவுண்டர் விளிம்பில் தட்டினார். இரண்டு. மூன்று. நாலாவதில் ரிக்கார்டும் குடையும் சேர்ந்தே முந்தின. அந்த ரிக்கார்டை ஒரு தடவைகூடக் கேட்டிராத மனிதர் அவர். நான் நிமிர்ந்து, பதினாலு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது, ஆனால் கை தாளத்தை விடவில்லை. ஐம்பத்திரண்டும் முடிந்து கிடார் வந்து விழுந்தபோது குடையைக் கவுண்டரில் வைத்தார்.

பிறகு என்னிடம் இருந்த ரமணியின் சீட்டைக் கேட்டு வாங்கினார். அதன் கீழே அதே அச்சு எழுத்தில் எழுதினார்: 'சாம்பிள் சரக்குக் கையிருப்பில் சேராது. விற்பனைக்கு இருந்தது 199. மீதி பூஜ்யம்.' கையெழுத்துப் போட்டார். "எங்க ஆபீஸ்லயும் அதுதான் ரூல்" என்றார். "ஹாலுக்கு வந்ததை நானே அவன்கிட்ட சொல்லிக்கறேன்." எதிர் ஹோட்டலைப் பார்த்துக்கொண்டே அவர் படி இறங்கியபோது என்னால் அடக்க முடியவில்லை. "நாலாவது கொஞ்சம் முந்தியிருக்கிறது சார்" என்றேன். அவர் திரும்பினார். "ஃபியூஸ் போய், பெத்த பிள்ளை இருட்டுல முழிச்சுண்டு நின்னா யாருக்கும் கை முந்தத்தான் செய்யும். அஞ்சாவதிலேர்ந்து சரியா இருக்கோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ!"

இருநூறையும் விற்றுத் தீர்த்தவன் என்று மாட்டுங்காவில் இன்றைக்கும் என்னைப் பெருமையாகச் சொல்கிறார்களே தவிர, அன்று கடை பூட்டும்போது கவுண்டரில் மீதி இருந்தது தேய்ந்த சாம்பிள் ஒன்று, யாரிடமும் கொடுக்காத குடை ஒன்று, ஆக இரண்டு.